குடியிருக்க ஓர் இடம்: தேர்ந்தெடுப்பது யார்?

விடுதி அறையைக் காலி செய்யும் நாள் நெருங்கிவிட்டால் நம் மாணவர்களிடையே வேறு பேச்சே இருக்காது. "எங்கே வீடு பார்க்கிறாய்?" என்பதுதான் கேள்வி. பதிலாக வரும் பெயர்களும் ஆண்டுதோறும் மாறுவதில்லை. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பந்தாய் டாலாம், பழைய கிள்ளான் சாலை, பூச்சோங். கொஞ்சம் தள்ளிப் போகத் துணிந்தால் கிள்ளான். கோலாலம்பூரும் அதைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கும் இவ்வளவு பெரிதாக விரிந்து கிடக்க, நம் வாயில் மட்டும் ஏன் இந்த ஐந்தாறு பெயர்களே வருகின்றன?

"நம்ம ஆளுங்க இருக்கிற இடம். சாப்பாடு கிடைக்கும், கோயில் இருக்கு" என்பது வழக்கமான விடை. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை என்பதே நான் சொல்ல வருவது.

நகரத்துக்குப் புதிதாக வருபவர் வட்டாரம் தேடும்போது நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மூத்த மாணவர்கள் சொல்லித் தருவார்கள். வாடகை எவ்வளவு? வகுப்புக்குப் போய்வர எவ்வளவு நேரம்? இரவில் தனியாக நடந்து வர முடியுமா? அருகில் சாப்பாட்டுக் கடை உண்டா? நல்ல கேள்விகள்தாம். சுங்கைப்பட்டாணியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய எனக்கும் இவைதாம் சொல்லப்பட்டன. ஆனால் நாமே தொலைபேசியை எடுத்து வீடு கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஐந்தாவதாக ஒரு கேள்வி இருப்பது தெரிகிறது: அங்கே நமக்குக் கொடுப்பார்களா? ஐந்தாவது என்கிறேனே தவிர, அது வரிசையில் முதலில் நிற்கிறது. அதற்கு 'இல்லை' என்று விடை வந்துவிட்டால் மற்ற நான்கையும் கேட்க வாய்ப்பே கிடையாது.

நம் வட்டாரங்கள் எப்படி நம்முடையவை ஆயின என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் செங்கல் சூளைகளால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சூறையாடிய பின், அத்தாப்புக் கூரைகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு ஊரைக் கட்ட ஆங்கிலேய நிர்வாகம் முடிவு செய்தது. பிறகு இரயில்வே வந்தது. அதன் தண்டவாள வேலைக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள், அலுவலக வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்கள் என்று வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கான குடியிருப்புகள் தண்டவாளத்தை ஒட்டி எழுந்தன. செந்தூலுக்கும் இரயில்வே பட்டறைதான் காரணம். கிள்ளானைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள். அதற்கப்பால் 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரில் திறக்கப்பட்ட இன்றைய கிள்ளான் துறைமுகம்.

கவனித்தீர்களா? இவற்றுள் ஒன்றையும் நம்மவர் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை கொடுத்தவன் காட்டிய இடத்தில் பாயை விரித்தார்கள். கோயில் உள்ள ஊராகப் பார்த்துக் குடியேறச் சொன்னவர்கள் நம் முன்னோர். இங்கே வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. முதலில் குடியேற்றப்பட்டார்கள்; கோயிலைப் பிறகு தாமே கட்டிக்கொண்டார்கள். என் தாத்தாவுக்கு லயத்தில் எந்த வீடு என்பதைத் தோட்டத்துக் கிராணியார்தான் சொன்னாராம். "இந்த வீடு வேண்டாம், அந்தக் கோடி வீடு கொடுங்கள்" என்று கேட்கலாம் என்பதே தாத்தாவுக்குத் தோன்றியிருக்காது.

அடுத்த தலைமுறைக்கும் பெரிய மாற்றமில்லை. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்று நாட்டின் நிர்வாகத் தலைநகராக இருக்கும் புத்ராஜெயா ஒருகாலத்தில் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள். 1990களில் அவை எடுத்துக்கொள்ளப்பட்டபோது அங்கிருந்த குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போயின. கைகாட்டிய மாடியில் ஏறினார்கள். பங்சாரைப் பற்றிச் சொன்னால் இன்றைய இளையோர் நம்பமாட்டார்கள். காப்பி ஒரு குவளை பதினைந்து வெள்ளிக்கு விற்கிற அந்த இடத்திலும் நம்மவர் பால்மரம் வெட்டியிருக்கிறார்கள்.

ஆக, நம்மில் பலருடைய குடும்பங்களில், ஒரு கையில் கல்விக் கடனும் மறு கையில் கைப்பேசியுமாக "எந்த வட்டாரத்தில் இருக்கலாம்?" என்று கேட்கிற முதல் தலைமுறை நாம்தான். அதனால்தான் இந்தக் கேள்வியைச் சாப்பாட்டுக் கடையோடு முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

சரி, நமக்குத் திறந்திருக்கும் இடங்கள் எப்படி இருக்கின்றன? பிரிக்பீல்ட்ஸிலிருந்தே தொடங்குவோம். 2001இல் பழைய இரயில்வே நிலத்தில் கே.எல். செண்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி விடுதிகளும் அலுவலகக் கோபுரங்களும் ஆடம்பர அடுக்குமாடிகளும் எழுந்தன. 2010 அக்டோபர் 27ஆம் நாள் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து 'லிட்டில் இந்தியா'வைத் திறந்து வைத்தார்கள். வளைவுகளும் வண்ணங்களும் வந்தன. 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று பேர்பெற்ற, இரயில்வே ஊழியர்கள் குடியிருந்த நூறாண்டு வரிசை வீடுகள் அதே பத்தாண்டில் இடிக்கப்பட்டன. நம் ஊர் என்று வளைவு கட்டிய காலமும், நம்மவர் வாழ்ந்த வீடுகள் தரைமட்டமான காலமும் ஒன்றாகவே அமைந்தன. இன்று அங்கே புடவை எடுக்க வருகிறோம், வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுகிறோம், பூ வாங்குகிறோம். பிறகு இரயிலேறி வேறெங்கோ போய்விடுகிறோம்.

மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் அறை என்று அங்கே எனக்குக் காட்டப்பட்டது, கடைவீடு ஒன்றின் மேல்மாடி. ஒரு கூடத்தைப் பலகை அடித்து ஐந்தாகப் பிரித்திருந்தார்கள். இரண்டு அறைகளுக்கு மட்டும் ஜன்னல். ஜன்னல் இருந்தால் 700 வெள்ளி, இல்லாவிட்டால் 550. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மாதம் 150 வெள்ளி என்று அன்று தெரிந்துகொண்டேன். பக்கத்து அறையில் ஒருவர் தும்மினால் இங்கே "நூறு வயசு" என்று வாழ்த்தலாம், அவ்வளவு மெல்லிய பலகை. தீ பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று கேட்டேன். வீட்டுக்கார அங்கிள் மாடிப்படியைக் காட்டினார். அதில் பாதியை அரிசி மூட்டைகள் அடைத்திருந்தன.

பிரிக்பீல்ட்ஸைக் குறை சொல்லவே இதை எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்கோல் பிடித்தவர்கள் தனியாகச் சாலை கடந்து, கடைக்குப் போய், இரயில் ஏறுகிற காட்சியை இந்த நாட்டில் வேறெங்கும் இந்த அளவுக்கு நான் கண்டதில்லை. ஒரு வட்டாரத்தை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. (அவர்களுக்காகப் பதித்த மஞ்சள் பாதையில் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற நம் ஆட்களை என்ன சொல்வது!)

கிள்ளான் வேறு கதை. அங்கே தரைவீடு கிடைக்கும், வாசலில் துளசி வைக்கலாம். நான் விசாரித்த மூன்று அறை வீட்டுக்கு 1,200 வெள்ளி. நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 300தான். ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்கு முந்திய வாரம் நடந்தால் நாட்டிலேயே நாம்தான் பெரும்பான்மையோ என்று தோன்றும். ஆனால் காலை எட்டு மணி வகுப்புக்கு அங்கிருந்து வரும் மாணவியின் கணக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்து நிலையம், கொமுட்டர் இரயிலுக்குக் காத்திருப்பு, அப்துல்லா ஹுக்குமில் இறங்கி எல்.ஆர்.டி.க்கு மாற்றம், கெரிஞ்சியைத் தாண்டி யுனிவர்சிட்டி நிலையம், அங்கிருந்து வளாகப் பேருந்து. எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம், திரும்பவும் ஒன்றரை. நாளுக்கு மூன்று மணி, வாரம் ஐந்து நாள், பருவத்துக்குப் பதினான்கு வாரம் என்றால் 210 மணி நேரம். நம் நாட்டுத் தகுதி முறையில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 40 மணி நேரம். அப்படியானால் பருவந்தோறும் ஐந்து கிரெடிட்டுக்கு மேல் இரயிலிலேயே படித்து முடிக்கிறோம். சான்றிதழில் மட்டும் அது ஏறாது. போதாக்குறைக்கு, எல்.ஆர்.டி.யிலும் பேருந்திலும் செல்லுபடியாகும் 50 வெள்ளி மாதச்சீட்டு கொமுட்டருக்குச் செல்லாது. மலிவு என்று போன வீடு, வாடகையில் மிச்சப்படுத்தித் தருவதை வேறு கையால் வாங்கிக்கொள்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் வளாகத்துக்கு அருகிலேயே தேடலாம் என்று முடிவு செய்தேன். கெரிஞ்சி, பெட்டாலிங் ஜெயாவின் செக்‌ஷன் 17, பந்தாய் டாலாம், 'பங்சார் சவுத்' என்று மேம்பாட்டாளர் பெயர் சூட்டியதும் வாடகை ஏறிய பக்கத்து அடுக்குமாடிகள். ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். மொத்தம் இருபத்து மூன்று அழைப்புகள். ஆறு வீடுகள் ஏற்கெனவே வாடகைக்குப் போய்விட்டன. நான்கு பேர் திரும்ப அழைப்பதாகச் சொல்லி அழைக்கவில்லை. எட்டுப் பேர் நான் இந்தியப் பெண் என்று தெரிந்ததும் மறுத்தார்கள். ஐந்து பேர் வந்து பார்க்கச் சொன்னார்கள். இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஒரு மாணவியின் குறிப்பேடு, அவ்வளவுதான்.

அந்த எட்டு அழைப்புகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி அமைந்தன. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். வகுப்பில் நாற்பது பேரில் நாங்கள் நான்கு பேர்தான் தமிழர்கள். வலைப்பந்துக் குழுவிலும் விவாத மேடையிலும் மலாய்த் தோழிகளோடு வளர்ந்ததால் என் மலாயைத் தொலைபேசியில் கேட்டு எவராலும் இனம் சொல்ல முடியாது. ஆகவே பேச்சு நன்றாகவே போகும். வாடகை, துணி துவைக்கும் இயந்திரம், எப்போது வந்து பார்க்கலாம், எல்லாம் பேசி முடித்து, "பெயர் என்ன?" என்று கேட்பார்கள். சொல்வேன். மறுமுனையில் ஒரு சிறு மௌனம். "பங்சா ஆப்பா?" என்ன இனம்? அதற்கும் பதில் சொல்வேன். "மாஃப் யா..." என்று தொடங்கி, வீட்டுக்காரர் விருப்பம் அப்படி என்று முடிப்பார்கள். குரலில் நான் தேறினேன், பெயரில் தோற்றேன்.

இதில் என்னை அதிகம் பாதித்தது மறுப்பு அல்ல, அதன் மரியாதை. யாரும் ஏசவில்லை, இழிவாகப் பேசவில்லை. வெளியே மழை பெய்கிறது, குடை கொண்டு வாருங்கள் என்று சொல்வதைப் போல, இந்தியர்களுக்கு இல்லை என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பள்ளிச் சபைகூடலில் ஒன்றாக நின்று ருக்குன் நெகாரா ஓதிய நாட்டில், இது யாருக்கும் உறுத்தவில்லை. விளம்பரத்திலேயே 'இந்தியர்களுக்கு இல்லை' என்று எழுதுகிறவர்களும் உண்டு. என் தோழி ஒருத்தி, "அப்படி எழுதிவிட்டால் நல்லதுதான், அழைப்புக் காசாவது மிச்சம்" என்கிறாள். அவள் களைத்துப்போய்ச் சொல்கிறாள் என்பது புரிகிறது. ஆனால் அந்த வசதிக்கு நாம் பழகிவிட்டால், பிறகு நம்முடைய வரைபடத்தை அந்த விளம்பரங்களே வரைந்து முடித்துவிடும். நாமோ "எனக்குப் பிரிக்பீல்ட்ஸ்தான் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் கேட்போம். சமையல் வாசனை சுவரில் ஏறும், வாடகை ஒழுங்காக வராது, நால்வர் என்று சொல்லிப் பத்துப் பேர் தங்குவார்கள் என்கிறார்கள். இப்படிப்பட்ட குடித்தனக்காரர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆயினும் அவர்களுடைய அச்சத்துக்கு ஒரு மெய்யான வேர் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, குடியிருப்பவரை நீதிமன்ற உத்தரவின்றி வெளியேற்ற வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. இது நமக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் வங்கிக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண வீட்டுக்காரருக்கு வழக்கறிஞர், வழக்கு, மாதக்கணக்கில் காத்திருப்பு என்பதெல்லாம் பெரிய சுமை. விரைவாகத் தீர்க்க ஒரு நடுவர் மன்றம் இல்லை. வைப்புத்தொகையைப் பொதுவில் வைத்திருக்க ஓர் அமைப்பும் இல்லை. அதனால் ஆளை முன்கூட்டியே சலிக்கப் பார்க்கிறார். சம்பளச் சீட்டு, பிணையாளர், முந்திய வீட்டுக்காரரின் கடிதம் என்று கேட்டுச் சலிக்க நேரமாகும். இனத்தைக் கேட்டுச் சலிக்க ஒரு நொடி போதும். காசில்லாமல் கிடைக்கிற சல்லடை அது. அதனால்தான் அதில் நல்லவர்களும் சேர்ந்தே கழிக்கப்படுகிறார்கள்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். கூட்டரசு அரசமைப்பின் 8ஆம் பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பால் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அது சட்டங்களையும் அரசு அமைப்புகளையும் மட்டுமே கட்டுப்படுத்தும். தனியார் ஒருவர்மீது அதை ஏவ முடியாது. விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2005இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப் போவதாக வீடமைப்பு அமைச்சு 2019இல் பேசத் தொடங்கியது. அதன்பின் அமைச்சர்கள் மாறினார்கள், அரசாங்கங்களே மாறின. நான் பல்கலைக்கழகத்தில் கழித்த ஆண்டுகள் முழுவதும் அது பேச்சாகவே இருந்தது.

மற்ற நாடுகளில் இது தானாக மாறிவிடவில்லை. கறுப்பருக்கும் ஐரிஷ்காரருக்கும் அறை இல்லை என்ற அறிவிப்புகள் ஒருகாலத்தில் இலண்டன் ஜன்னல்களில் தொங்கின. பிரிட்டன் 1965இல் இன உறவுச் சட்டம் இயற்றியபோது வீட்டு வாடகையை அதில் சேர்க்கவில்லை. மூன்றாண்டு கழித்து, 1968இல்தான் சேர்த்தது. அதே 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாள்களில் அமெரிக்காவில் நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. இங்கிலாந்தில் 2007 முதல் வாடகை வைப்புத்தொகையை வீட்டுக்காரர் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள முடியாது; அங்கீகரிக்கப்பட்ட காப்புத் திட்டத்தின்கீழ் கொண்டுவர வேண்டும். சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1989 முதல் அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வோர் இனமும் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு வைத்தது. எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை. எந்த மாடியில் எத்தனை இந்தியர் என்று அரசாங்கம் எண்ணிய பிறகும், அங்கே இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை என்ற விளம்பரங்கள் வரத்தான் செய்தன.

இதுவரை படித்து, "ஆமாம், நமக்குத்தான் எவ்வளவு அநீதி!" என்று தலையசைத்தவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். 'நம் வட்டாரம்' ஒன்றில், நெற்றி நிறையத் திருநீறும் முகம் நிறையச் சிரிப்புமாக ஓர் ஆன்ட்டி எங்களை வரவேற்றார். தமிழில் பேசினார், தேநீர் கொடுத்தார், அறையையும் காட்டினார். கீழே இறங்கும்போது மெல்லக் கேட்டார்: "நீங்கல்லாம் என்ன ஆளுங்கம்மா?" என்னுடன் வந்த தோழி, "இந்தியர்தான் ஆன்ட்டி" என்று வெள்ளையாகப் பதில் சொன்னாள். அவர் கேட்டது அது இல்லை. 'பங்சா ஆப்பா'வின் தமிழ் மொழிபெயர்ப்பை அன்று கேட்டேன். மலாயில் கேட்டபோது வந்த கோபம் தமிழில் கேட்டபோது வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

சென்னையில் 'சைவம் மட்டும்' என்ற பலகையைப் பார்த்து வாடகைக்கு வருபவர்கள், அது கத்தரிக்காயைப் பற்றிய செய்தி இல்லை என்பதைப் புரிந்துகொள்வார்கள். இங்கேயும் வங்காளதேசத் தொழிலாளர்களுக்கும் ஆப்பிரிக்க மாணவர்களுக்கும் வீடு இல்லை என்று சொல்கிற தமிழ் வீட்டுக்காரர்கள் கிள்ளானிலும் இருக்கிறார்கள், செந்தூலிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்: சமையல் வாசனையாம், பத்துப் பேர் தங்குவார்களாம்.

"நம்ம ஆளுங்க இருக்கிற இடமாப் பாரும்மா" என்று என் அம்மா சொன்னார். அம்மாவின் பேச்சை இந்தக் கணக்கில் சேர்க்க நான் தயாராக இல்லை. 2001 மார்ச்சில், நான் பிறப்பதற்கு முன், பழைய கிள்ளான் சாலையை அடுத்த கம்போங் மேடானில் நடந்த வன்செயலில் ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அந்த வாரம் முழுதும் வானொலியின் பக்கத்திலேயே இருந்ததாக அம்மா சொல்வார். அப்படிப்பட்டவருக்கு 'நம்ம ஆளுங்க' என்பது இரவில் கதவைத் தட்டினால் திறக்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான். அந்த ஆசை நியாயமானது. கதவைத் திறக்கிற ஆள் நம் இனத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவரோடு எனக்கு இன்னும் வாதம் நடக்கிறது.

ஏனெனில் இருபத்து மூன்றில் எங்களுக்குக் கிடைத்த வீடு, பந்தாய் டாலாமில், ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவருடையது. அவர் கேட்டவை மூன்று: மாணவர் அட்டை, ஒரு பெற்றோரின் சம்பளச் சீட்டு, முந்திய விடுதிக் காப்பாளரின் தொடர்பு. எங்களையும் கேள்வி கேட்க வைத்தார். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா என்று நீங்கள்தான் என்னைக் கேட்க வேண்டும், சுவரில் உள்ள கறைகளை எல்லாம் இன்றைக்கே படமெடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆசிரியர் அல்லவா! சல்லடை வேண்டுமென்றால் இப்படியும் வைக்கலாம்.

வைப்புத்தொகை பற்றி ஒரு சொல், இளையவர்களுக்காக. இரண்டு மாத வைப்பு, ஒரு மாத முன்வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் என்பதே வழக்கம். 1,800 வெள்ளி வீட்டுக்கு முதல் நாளே 6,300 வெள்ளி. நால்வருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 1,575. கல்விக் கடன் கைக்கு வருவதற்கு முன்னால் இந்தப் பணம் வேண்டும். வட்டாரம் தேடும் நம் மாணவர்கள் பலகை அறைகளுக்குள் போய் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இனம் பார்த்து மூடாத கதவையும் பணம் மூடிவிடுகிறது.

இவ்விதழை வாசிக்கும் முன்னாள் மாணவர்களிடம் கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பொறியியலாளர்கள், வழக்கறிஞர்கள். பூச்சோங்கிலோ ஷா ஆலாமிலோ இரண்டாவதாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பீர்கள். முகவர் எழுதிய விளம்பரத்தை ஒரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் எந்த இனத்துக்காவது கதவு மூடியிருந்தால், "அந்த வரியை எடு" என்று சொல்ல உங்களுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. அடுத்து, மொழிக்கழகத்தில் ஒரு பதிவேடு வைப்போம்: எந்த வீட்டில் அறை காலியாகிறது, வீட்டுக்காரர் எப்படி, வைப்புத்தொகை திரும்ப வந்ததா என்று போகிறவர்கள் வருகிறவர்களுக்காக எழுதி வைக்கலாம். பிணையாளராகக் கையெழுத்திட முன்னாள் மாணவர் பத்துப் பேர் முன்வந்தால் போதும். முதல் ஆண்டுக்கு அது தாராளம். கலைவிழாவுக்குப் பந்தல் போட ஆள் திரட்டுகிற நமக்கு இது முடியாத காரியமல்ல.

பதிவேட்டின் முதல் பக்கத்தை நானே தொடங்கி வைக்கிறேன். பந்தாய் டாலாம், ஒன்பதாவது மாடி, மூன்று அறை. கொமுட்டர் நிலையத்துக்கு நடந்தால் பத்து நிமிடம். மின்தூக்கி மாதம் ஒரு முறையாவது பழுதாகும். இரவு ஒன்பது மணிக்கு மேல் வழியில் விளக்கு உண்டு, மாமாக் கடை திறந்திருக்கும். தங்கியிருப்பவர்கள் நால்வர்: இரண்டு தமிழ்ப் பெண்கள், ஒரு கடசான் பெண், ஒரு கிளந்தான் பெண். வரும் ஆகஸ்டில் நான் காலி செய்கிறேன். என் அறைக்கு 450 வெள்ளி, ஜன்னல் உண்டு. மாணவியாக இருந்தால் போதும், வேறெதுவும் கேட்கமாட்டோம். இரவு பத்து மணிக்கு மேல் மிக்சி போடக்கூடாது என்பது மட்டும் வீட்டு விதி.